குடிநீரில் அழியா நஞ்சு

செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகளைப் பற்றிப் பேசுவோர் நீரின் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றனர். அந்நீரில் என்ன கலந்திருக்கிறதென்று கேட்போர் சிலரே. அக்கேள்வியைச் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் கேட்டனர். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த செம்பரம்பாக்கம் ஏரியிலும், அடையாற்றிலும், பக்கிங்காம் கால்வாயிலும், பெருங்குடிக் குப்பைமேட்டையடுத்த நிலத்தடி நீரிலும் பி.எப்.ஏ.எஸ். என்னும் புளோரின் ரஸாயனங்கள் இருப்பதாக அவர்கள் தெரிவித்தனர். 2024இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இவ்விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஒட்டாத வாணலி, நீர் புகாத துணி, தீயணைக்கும் நுரை முதலியவற்றுக்கு உதவுபவை இவை. கார்பனும் புளோரினும் கொண்ட பிணைப்பு மிக உறுதியானது. மண்ணிலுள்ள கிருமிகளும் அதை எளிதில் பிரிக்கமாட்டா. தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. இவற்றுள் பி.எப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023இல் தீர்மானித்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் அதற்குக் குடிநீரில் விதித்த வரம்பு, லக்ஷம் கோடிப் பங்கில் 4 பங்கு! நாவும் கண்ணும் இதை அறியா. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நுட்பக் கருவியே அறியும்.

நமது நாட்டிலோ, 2012ஆம் வருஷத்துக் குடிநீர்த் தர விதிகளில் இவற்றுக்கு வரம்பே கூறப்படவில்லை. எனவே ‘நீர் தரத்திற்கு உட்பட்டது’ என்று அதிகாரி சான்று அளித்தால் அதில் பொய்யில்லை. ஆனால் ஜனங்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

வடிகட்டினால் போதுமே என்பர் சிலர். கரித்தூள் நஞ்சைப் பற்றிக்கொள்ளும்; வீடுகளிலுள்ள ஆர்.ஓ. கருவியும் பெரும்பாலும் தடுக்கும். ஆனால் தடுக்கப்பட்டது கழிவுநீரோடு சாக்கடைக்கே செல்லும், அங்கிருந்து கால்வாய்க்கு. இது அழித்தலன்று, இடமாற்றமே. சிலவகைகளைக் குறைந்த உஷ்ணத்தில் காரத்தைக் கொண்டு சிதைக்கலாமென்று அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் 2022இல் காட்டினர். சோதனைக்கூடத்தில் கண்டது ஏரிக்கு வரும்வரை, நஞ்சு புகும் வாயை அடைப்பதே வழி.

எந்தத் தொழிற்சாலை, எந்தக் குப்பைமேடு என்று அறிய அளவை வேண்டும். பக்கிங்காம் கால்வாய் பெருங்குடியோடு நிற்பதன்று. கோவளம் கடந்து மாமல்லபுரத்தின் புறத்தே தெற்கே செல்கிறது. அக்கரையில் வலைவீசுவோரும் கிணற்றுநீர் குடிப்போரும் இருக்கின்றனர். செம்பரம்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை வருஷந்தோறும் நீரைச் சோதித்து, முடிவுகளைத் தமிழில், ஊர்ப் பெயரோடு பிரசுரிக்கவேண்டுமென்றும், மத்திய சர்க்கார் தாமதமின்றி வரம்பு விதிக்கவேண்டுமென்றும் நாம் கோருகிறோம். கிராம சபைகளில் நம் ஊழியர்கள் இக்கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.