திறப்பு விழாவும் மராமத்தும்

கடலூர்க்காரர்களுக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கும் வெகுநாளாய் ஓர் ஆசை உண்டு. நெய்வேலியில் ஒரு விமானத் தளம் இருக்கிறதே, அதில் மறுபடியும் பிரயாணிகள் விமானம் வந்து இறங்க வேண்டும் என்பதே அது. நியாயமான ஆசைதான். நிலக்கரி நிறுவனத்துக்குச் சொந்தமான அந்தத் தளத்துக்கு ஒரு காலத்தில் விமானம் வந்து கொண்டுதான் இருந்தது. சிற்றூர்களுக்கெல்லாம் விமானம் விடுவோம் என்று 1981-ல் புறப்பட்ட வாயுதூத் கம்பெனி நெய்வேலிக்கும் விட்டது. தொண்ணூறுகளில் அந்தக் கம்பெனியே நொடித்துப் போயிற்று.

அப்புறம் 2016-ல் மத்திய சர்க்கார் ‘உடான்’ என்றொரு திட்டம் கொண்டு வந்தது. ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய். ரப்பர் செருப்புப் போட்டவனும் ஆகாயத்தில் பறக்கலாம் என்றார்கள். 2017 மார்ச்சில் வெளியான முதல் பட்டியலில் நெய்வேலியின் பெயரும் இருந்தது. பெயர் வந்தது; விமானம் வரவில்லை. உரிமை வாங்கிய கம்பெனி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

விமானம் வராததற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. என் சண்டை வேறு ஆசாமிகளோடு. “முதலில் விமானம் வரட்டும் ஸார், மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களோடு! டீக்கடையிலும் அவர்கள் இருக்கிறார்கள், மேடையிலும் இருக்கிறார்கள், பைல் கட்டுகளுக்குப் பின்னாலும் இருக்கிறார்கள்.

அந்த ‘மற்றது’ என்ன என்று கொஞ்சம் பார்ப்போமா?

மற்றது என்றால், முதலாவது வேலி. வேலியில் ஓர் ஓட்டை இருந்தால் மாடு வரும். 2014 நவம்பர் 6-ஆம் தேதி மாலை சூரத் நகரத்தில் ஒரு போயிங் விமானம் டில்லிக்குக் கிளம்பி ஓடுபாதையில் வேகம் எடுத்துக் கொண்டிருந்தது. குறுக்கே ஓர் எருமை வந்து நின்றது. விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்தது அவர்களுடைய அதிருஷ்டம். அந்தக் கம்பெனி சூரத்துக்கு விமானம் விடுவதையே அப்போது நிறுத்தி வைத்துவிட்டது.

மற்றது என்றால், ஓடுபாதையைப் பெருக்குவது. கேட்டால் சிரிப்பு வரும். 2000-ஆம் வருஷம் ஜூலை 25-ஆம் தேதி பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்ததே, அதற்குக் காரணம் என்ன? சற்று முன்னால் கிளம்பிப் போன வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த ஒன்றரை அடி நீள உலோகத் துண்டு. அது டயரைக் கிழித்தது, டயர்த் துண்டு எண்ணெய்த் தொட்டியில் மோதியது, தீப்பிடித்தது. 113 பேர் செத்தார்கள். பாரிஸிலேயே இந்தக் கதி என்றால், பாதை வெடித்துச் சரளை பெயர்ந்து கிடக்கும் ஒரு பட்டிக்காட்டுத் தளத்தைப் பற்றி என்ன சொல்வது!

மற்றது என்றால், பறவை. 2024 டிசம்பர் 29-ஆம் தேதி தென்கொரியாவில் முவான் என்ற நாட்டுப்புற விமான நிலையத்தில் ஒரு விமானம் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக் கொண்டு இறங்கியது. இரண்டு என்ஜின்களிலும் பறவையின் இறகு கிடைத்தது. அதோடு முடிந்திருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். ஓடுபாதை முடிந்த இடத்துக்கு அப்பால், ஒரு கருவியைத் தாங்குவதற்காகக் கான்கிரீட் வைத்துக் கட்டிய மண்மேடு ஒன்று இருந்தது. அதில் போய் மோதிற்று. 181 பேரில் 179 பேர் மாண்டார்கள். நம் ஜில்லாவில் வாலாஜா ஏரி இருக்கிறது, பெருமாள் ஏரி இருக்கிறது, வீராணம் இருக்கிறது. மார்கழியில் அங்கே வந்து இறங்கும் நீர்ப்பறவைகள் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொண்டு பறப்பதில்லை.

கடைசியாகத் தீயணைப்பு வண்டி. ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் மூன்று நிமிஷத்துக்குள் வண்டி அங்கே போய் நிற்க வேண்டும் என்பது உலகத்துக்கே பொதுவான விதி. நாளைக்கு ஒரு விமானம் வந்தாலும் இதே மூன்று நிமிஷம்தான். நூறு விமானம் வந்தாலும் இதே மூன்று நிமிஷம்தான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. சின்ன ஊருக்குச் சின்ன விமானம் போதும். சின்னக் கட்டடம் போதும். ஆனால் சின்ன ஜாக்கிரதை என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு விமானத்துக்காக வருஷம் முழுவதும் வேலி பார்க்க ஆள் வேண்டும். புல் வெட்ட ஆள் வேண்டும். தீயே பிடிக்காத நாட்களிலும் தீயணைக்க ஆள் வேண்டும். கணக்குப் பார்ப்பவன் கண்ணில் இதெல்லாம் தண்டச் சம்பளம். ஆகவே முதல் வெட்டு அங்கே விழும். உடான் திட்டத்தில் கம்பெனிக்குக் கிடைக்கும் மானியம் மூன்று வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு விமானம் நின்றால் புல் முளைக்கும். சேலத்தைப் பாருங்கள்: 1993-ல் திறந்தார்கள், நின்றது, 2009-ல் வந்தது, நின்றது, 2018-ல் வந்தது, நின்றது, 2023-ல் மறுபடி வந்தது. நடுவில் விமானமே இல்லாத வருஷங்களில் ஒரு தளத்தை யார் காவல் காப்பது, எந்தப் பணத்தில் காப்பது?

“ஏழை நாடு ஐயா, இவ்வளவு கறார் பார்த்தால் ஒரு காரியமும் நடக்காது” என்பார்கள். அவர்களை நான் செம்மங்குப்பத்துக்கு அழைக்கிறேன். தூர தேசம் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதையில்தான் இருக்கிறது. 2025 ஜூலை 8-ஆம் தேதி காலையில் அந்த ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி, மூன்று குழந்தைகள் இறந்து போனார்கள். கேட்டை மூடினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. டெலிபோனில் சொல்லும் வாய்ச்சொல்தான் காவல். ஏன் இல்லை? போகும் ரயிலையும் போகும் வண்டியையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, அது 20,000-ஐத் தாண்டுகிற கேட்டுக்குத்தான் அந்த ஏற்பாடு என்று வைத்திருந்தார்கள். குழந்தைகள் செத்த பிறகு 10,000 போதும் என்று குறைத்தார்கள்.

மூன்று உயிருக்கு ஒரு பாதித் தள்ளுபடி! இதற்குப் பெயர் சிக்கனமா? போக்குவரத்துக் குறைவான இடத்தில் வாழ்கிறவனின் உயிருக்கு மதிப்பும் குறைவு என்று எழுதி வைத்த சட்டம் இது. கேட்கீப்பரைப் பிடித்துக் கொண்டு போனார்கள். கணக்கைப் பிடித்துக் கொண்டு போக யாரால் முடியும்?

தரையில் ஓடும் ரயிலுக்கே இப்படியென்றால், ஆகாயத்திலிருந்து இறங்குவதற்கு ‘பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்கிற தைரியம் எங்கிருந்து வருகிறது? திறப்பு விழாவின் மேல் நமக்கு இருக்கும் மோகத்திலிருந்துதான் வருகிறது. ரிப்பன் வெட்டுகிறவருக்குக் கல்வெட்டு உண்டு. புல் வெட்டுகிறவனுக்கு என்ன உண்டு? வீராணத்தைப் பாருங்கள். வெட்டியது சோழ ராஜகுமாரன் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆயிரம் வருஷமாய்க் கரை உடையும் போதெல்லாம் மண் சுமந்து அடைத்தவன் பெயர் யாருக்குத் தெரியும்? ஆனால் ஏரி இன்றைக்கும் ஏரியாய் இருப்பது அவனால்தான். குடிமராமத்து என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்த ஜனங்கள் நாம்.

லைசென்ஸ் இல்லாத தளத்தில் அட்டவணை போட்டுப் பிரயாணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் லைசென்ஸ் என்பது ஜாதகம் அல்ல, ஒரு தரம் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்க. தளத்தைச் சோதித்த அறிக்கையை வருஷா வருஷம் ஜனங்கள் படிக்கும்படி தமிழில் போட வேண்டும். பத்து வருஷத்து மராமத்துப் பணத்தைத் தனியே எடுத்து வைத்து விட்டு அப்புறம் பந்தல் போட வேண்டும். முடியாதென்றால் பந்தலே வேண்டாம். சென்னைக்கு நாங்கள் பஸ்ஸிலேயே போய்க் கொள்கிறோம்.

விமானம் எப்போது வரும் என்று உங்கள் பிரதிநிதியைக் கேட்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை வேறு விதமாய்க் கேளுங்கள். “வேலி பார்க்கிறவனுக்கு மாசச் சம்பளம் யார் கொடுக்கப் போகிறார்கள்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் கையில் மட்டும் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.