நடமாடும் மனநோயாளிக்கு வீட்டில் யார் துணை?

"கை கால் நல்லாத்தானே இருக்கு, வேலைக்குப் போனா என்ன?" மனநோயால் வீட்டிலேயே முடங்கிவிட்ட இளைஞரைப் பார்த்து உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. நம் நாட்டின் உதவித் திட்டங்களும் ஏறக்குறைய இதே கண்ணோட்டத்தில்தான் அமைந்துள்ளன.

2021 வரவு செலவுத் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் மாற்றுத் திறனாளிகளைப் பராமரிப்போருக்கான மாத உதவித்தொகை 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. அரசு கிளினிக்குகளிலிருந்து வீடு தேடி வரும் பராமரிப்புச் சேவையும் முதன்மையாகப் படுக்கை நோயாளிகளுக்கானதே.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. நோயாளி நடப்பார், உண்பார். ஆனால் மருந்தை மறுப்பார், இரவெல்லாம் விழித்திருப்பார். குளிக்க வைப்பதற்கே ஒருவர் கூட நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாய் என்றால், அந்த வருமானமும் நின்றுவிடும்.

என்ன கிடைக்கிறது?

பலர் அறியாத ஒன்று, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இயங்கும் சமூகக் குழு. தேவைப்படும் நோயாளிகளின் வீடுகளுக்கு இக்குழுவின் தாதியர் செல்வதுண்டு. மாத்திரையை மறுப்பவருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். தினமும் மருந்துக்காக வீட்டில் நடக்கும் போராட்டம் அதனால் குறையும்.

மெந்தாரி எனப்படும் சமூக மனநல நிலையங்கள் சிகிச்சையோடு மறுவாழ்வுப் பயிற்சியும் வேலை வாய்ப்புக்கான ஆதரவும் தருகின்றன. நோயாளி வாரத்தில் சில நாள் அங்கு சென்றால், தாய்க்குச் சில மணி நேர ஓய்வு.

குறைந்தது 2 ஆண்டுகள் மனநல சிகிச்சை பெற்ற, நோயின் தாக்கம் கடுமையாக உள்ளவர்கள் மாற்றுத் திறனாளி அட்டைக்குப் பதியலாம். வேலை செய்ய இயலாத மாற்றுத் திறனாளிகளுக்கான சமூக நல இலாகா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இந்த அட்டை வேண்டும். அத்தொகை 2021 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 300 ரிங்கிட் ஆனது.

தடையாக நிற்பது எது?

உலு கிந்தாவில் 1911-இல் திறக்கப்பட்ட பஹாகியா மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான், நம்மிடையே இன்றும் கேலிச் சொல். அந்தப் பெயருக்கு அஞ்சியே பல குடும்பங்கள் முதலில் சாமியாடியிடம் போகின்றன. "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணுமே" என்று அட்டைக்கும் பதியாமல் இருக்கின்றன. சிகிச்சை தள்ளிப்போகப் போக, நோயாளி தேறுவதும் கடினமாகிறது. தோட்டப்புறங்களில் போக்குவரத்துச் சிரமமும் சேர்ந்துகொள்கிறது.

2010-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், சமூக மனநல நிலையங்களுக்குச் சட்டப்படி இடம் தந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது யார் என்பதற்கு இன்னும் விடையில்லை. வசதியுள்ளவர்கள் பணிப்பெண் வைக்கலாம். அவருக்கோ மனநோய் பற்றிய பயிற்சி இருக்காது.

பராமரிப்பு உதவிக்கு 'படுக்கையில் இருக்க வேண்டும்' என்ற அளவுகோல் போதாது. ஒருவருக்கு முழுநேரத் துணை தேவை என மனநல மருத்துவர் சான்றளித்தால், அவரைப் பராமரிப்பவருக்கும் அந்த உதவி கிடைக்க வேண்டும். நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் சமூக அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மருந்துகளின் பெயர், அளவு, அடுத்த சிகிச்சைத் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாயைத் தவிர இன்னொருவரும், அண்ணனோ சித்தியோ, கிளினிக்கிற்கு உடன் சென்று பழகட்டும். மனம் தளரும்போது பேச, சுகாதார அமைச்சின் 15555 எண் உள்ளது. நோயாளியால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் போலீஸை அழைக்கலாம். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் போலீசாருக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது.

மகனுக்கு 35 வயதாகும்போது தாய் அறுபதைத் தாண்டியிருப்பார். அவருக்குப் பின் யார் என்பதை இப்போதே பேசி முடிவெடுப்பது நல்லது.