பாதி பழுதான சில்லுகள்

1982ஆம் ஆண்டில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இங்கிலாந்தின் சாமானிய இல்லங்களுக்கென வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் கணினியின் 16 கிலோபைட் நினைவகத்தை 48 ஆக விஸ்தரிப்பதற்கு உபயோகித்த எட்டுச் சில்லுகள், 64 கிலோபிட் கொள்ளளவோடு உற்பத்தியாகி, சோதனையில் ஒரு பாதி பழுதென்று தெரிந்ததனால் மலிவாக விலைபோனவை என்பதும், எந்தப் பாதி நல்லதோ அந்தப் பாதியையே அணுகும்படி பலகையில் ஓர் இணைப்புக் கம்பியை அமைத்தார்கள் என்பதும், எண்ணுந்தோறும் என்னை வியப்பில் ஆழ்த்தும் செய்திகள். ஊனத்தைத் தள்ளாமல் அதன் எஞ்சிய பலத்தைக் கொண்டு காரியம் சாதித்த அந்த மதிநுட்பத்தை உயர்ந்த சிற்பத் திறனுக்கு நிகராகவே மதிக்கிறேன். இன்று பழுதற்ற முழுச் சில்லுகளும் அங்கே பொருந்தி இயங்கும். ஆயினும், பழைய இயந்திரங்களைச் செப்பனிடும் அன்பர்களே, இன்னமும் உழைக்கும் அந்தப் பாதிச் சில்லுகளை அகற்றிவிடாதீர்கள்.