பனியனில் படம் வரைந்தவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

உலகின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சட்டை அனுப்பும் ஊர் நம் திருப்பூர். இதை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஏற்றுமதிக் கணக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத விழாவும் இல்லை. அந்தச் சட்டையின் மார்பில் ஒரு புலி இருக்கும். ஒரு பூங்கொத்து இருக்கும். ஒரு படகு இருக்கும். அதை வரைந்தவர் யார் என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? நூல் எந்த மில், சாயம் எந்தப் பட்டறை, தையல் எந்த யூனிட் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. படத்துக்கு மட்டும் பெயர் இல்லை.

படங்களில் பல, கடல் கடந்த வியாபாரியிடமிருந்தே வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் வந்த படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஸ்கிரீனுக்கு ஏற்றபடி திருத்தி, துணியில் மை கசியாமல் நிற்கும்படி கோட்டைச் சரி செய்வது பிரிண்டிங் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க் கைதானே! அந்தக் கைக்குரியவர் ஞாயிற்றுக்கிழமையில் தனக்கென்று ஏதேனும் வரைகிறாரா, வரைந்ததை எங்கே வைத்திருக்கிறார், யாரேனும் பார்த்தார்களா? ஊருக்குத் தெரியாது. ஊர் கேட்கவுமில்லை.

“விடிநைட் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ஓவியம் ஒரு கேடா?” என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் விடிநைட் பார்க்காதவர்கள் என்பது வேறு விஷயம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். இரண்டு துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, “ஷேடு மாறியிருக்குது” என்று ஒன்றை ஒதுக்கிவிடுவார். எனக்கோ இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். ஒரு நீலத்துக்கும் மறு நீலத்துக்கும் உள்ள மயிரிழை வேற்றுமையைக் காணும் கண்கள் இத்தனை ஆயிரம் இருக்கும் ஊரில், கலையைப் பார்க்க ஆள் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சாயம் என்றாலே நமக்கு நொய்யல்தான் நினைவுக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன கதை அது. அதே சாயத்தையும் துணியையும் கொண்டு ஒரு கிராமமே எழுந்த கதை ஒன்றும் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அக்கதையின் நாயகர் நம் பக்கத்து ஊரில் பிறந்தவர். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்து, அதன் பிறகே சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வருமானார். முதல்வராக இருந்து அவர் கண்ட காட்சி வேதனையானது. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும், பிழைப்புக்காகக் கிடைத்த வேலையில் நுழைந்து தூரிகையை மறந்து போனார்கள். இதற்கு அவர் கண்ட வழி எளியது. ஓவியர்கள் கூடிப் பாட்டிக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்தார்கள். மெழுகு தடவிய இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் பாட்டிக்கின் சூட்சுமம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தத் துணியை விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. கையால் துணி செய்து பிழைத்தார்கள். மிஞ்சிய பொழுதில் மனத்துக்குப் பிடித்ததை வரைந்தார்கள். 2009 முதல் அங்கே ஒரு கலைக் காட்சியகமும் இருக்கிறது.

கணித மாணவனாகிய எனக்குப் பணிக்கரிடம் தனிப் பிரியம் உண்டு. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசைக்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் என்பார்கள். சமன்பாடும் கட்டமும் எழுத்தும் அங்கே ஓவியமாயின. நம் நோட்டுகளைப் பார்த்து யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை!

நான் சொல்ல வருவது இதுதான். பணிக்கரின் மாணவர்களைக் காப்பாற்றியது பட்டமும் பதக்கமும் அல்ல. அந்தப் பாட்டிக் துணியைக் காசு கொடுத்து வாங்கிய பெயர் தெரியாத மனிதர்கள். கலைஞனைப் பாராட்ட நமக்கு நன்றாகத் தெரியும். விலை கேட்கத்தான் தெரியவில்லை. கல்லூரி விழாக்களில் மேடைக்குப் பின்திரை வரைய ஓர் ஓவியரை அழைப்பார்கள். நாற்காலிக்கு வாடகை, ஒலிபெருக்கிக்கு வாடகை, பந்தலுக்குப் பணம். ஓவியருக்கு மட்டும் சால்வை. சால்வையை மளிகைக் கடையில் எடுத்துக்கொள்வார்களா?

சுவர்களிலும் சினிமா பேனர்களிலும் வரைந்து வாழ்ந்த கைகளின் பிழைப்பைப் பிளெக்ஸ் வந்து பறித்துக்கொண்டது. ஓர் இரவில் எத்தனை அடி வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரத்தோடு போட்டி போட முடியுமா? அந்த பேனர் உலகத்திலிருந்து வந்தவர்தான் கோவை ஓவியர் ஜீவா. அவர் எழுதிய ‘திரைச்சீலை’ என்ற நூல் 2010ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்புப் பெற்றது. பேனர் வரைபவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம்.

கோவைக்கு நாம் போகாமலா இருக்கிறோம்? சினிமாவுக்குப் போகிறோம், கடை வீதிக்குப் போகிறோம். போகும் அவிநாசி சாலையிலேயே கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, அங்கே ஓவியக் கூடத்தோடு ஜவுளி அருங்காட்சியகமும் சேர்ந்தே இருக்கிறது. நூலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்க்கத் திருப்பூர்க்காரனைவிட உரிமையுள்ளவன் யார்? ஆண்டுதோறும் உதகைக்கும் மலம்புழாவுக்கும் சுற்றுலா போகும் துறைகள் ஒரு முறை பேருந்தை அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த ஆண்டு நம் கல்லூரியிலேயே ஒரு கண்காட்சி வைக்கலாம் என்பது என் யோசனை. பெரிய செலவு வேண்டாம். வகுப்பறைகள் இரண்டு, கயிறு, கிளிப்பு போதும். பிரிண்டிங் பட்டறையில் இருப்பவர்கள், பேனர் வேலையை விட்டவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள், நம்மிடையே நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கும் நண்பர்கள் ஆகிய எல்லோரையும் கேட்போம். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரையும் விலையையும் எழுதுவோம். நூறு ரூபாய்ப் படமும் இருக்கட்டும். நாம் வாங்கக் கூடியது அதுதான். மாணவர் பேரவையும் ஆசிரியப் பெருமக்களும் இதற்கு இசைந்தால், ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. கண்காட்சியை வேலை நாளில் வைத்தால் நாமே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்போம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் பிள்ளை குட்டிகளோடு வரும்படி, அது ஞாயிற்றுக்கிழமையில் இருக்க வேண்டும்.