சீட்டு எழுதுவது சிகிச்சை ஆகாது

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பழைய மாணவன் ஒருவனை ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டதில் முழங்கை பழுத்துச் சீழ் கட்டியிருந்தது. சீழை எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடியற்காலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம். "திங்கட்கிழமை மனநல ஓ.பி.க்கு வாங்க சார்" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஞாயிறு மாலைக்குள் அவன் மறுபடியும் ஊசியைத் தேடிப் போய்விட்டான்.

அந்தச் சீட்டைத்தான் குற்றம் சாட்டுகிறேன். மாரடைப்பு வந்தவனுக்கு முதல் மருந்தை அங்கேயே கொடுக்கிற அவசரப் பிரிவு, இவனுக்கு மட்டும் வழி சொல்லி அனுப்புவானேன்? ஓபியாய்டு மருந்து உடம்பைவிட்டு இறங்கும்போது வரும் வாதை இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். 'திங்கள் வரை பொறு' என்றால் அந்த உச்சத்தைத் தனியே தாங்கு என்றுதான் பொருள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 329 பேரிடம் நடத்திய ஆய்வை 2015-இல் வெளியிட்டார்கள். பரிந்துரை மட்டும் பெற்றவர்களில் முப்பது நாள் கழித்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் 37 விழுக்காடு. அவசரப் பிரிவிலேயே புப்ரனார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78.

'போதைக்குப் போதையே மருந்தா?' என்பார்கள். சென்னையில் 1990-களில் இதே புப்ரனார்ஃபினை ஊசியில் ஏற்றிச் சீரழிந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேற்பார்வையில் நாக்கின் அடியில் கரைக்கும் மாத்திரையின் கதை வேறு. அது வாதையை அடக்கும். ஹெராயினைப் போல மூச்சை அமுக்கிக்கொண்டே போகாது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே இதை ஆண்டுக்கணக்காக வழங்கி வருகிறது.

சிக்கல் விதியில் இருக்கிறது. போதைச் சிகிச்சைக்கான இம்மாத்திரையைப் போதை மீட்பு மையங்களுக்குத் தரத்தான் அனுமதி, மருந்துக்கடையில் கிடைக்காது. நள்ளிரவில் எந்த மையம் திறந்திருக்கிறது? குரோம்பேட்டை, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, மூன்று நாள் மாத்திரை கொடுத்தனுப்ப என்ன தடை?

இதே ஜி.எஸ்.டி. சாலையில் முன்னுதாரணம் இருக்கிறது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல மருத்துவமனைகள் வாசலோடு திருப்பியபோது, தாம்பரம் சானடோரியம் படுக்கை கொடுத்தது. 2004 ஏப்ரலில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு: அந்தச் சீட்டில் அவன் பெயருக்கு முன்னால் 'போதை அடிமை' என்று எழுதியிருந்தது. சொல் என் துறை.