முகவரி இல்லாத கிரீமை யார் பிடிப்பது?

கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே தங்களிடம் வந்த 22 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்து, சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் அது. கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். அவர்களில் 15 பேருக்கு இருந்தது ‘நெல்-1’ என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தைச் சிவப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணியத் தொடங்கியது. இந்த ஆய்வு 2024இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் வந்தது.

குற்றவாளி, அந்தக் கிரீமில் கலந்த பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான நொதியை அது முடக்கிவிடும். சில வாரங்களில் முகம் வெளுக்கும். விலையும் மலிவு. பூசியவருக்குப் பலன் கண்ணாடியில் தெரிகிறது, பாதிப்பு தெரிவதில்லை. போலி மருந்து என்றால் பலிக்கவில்லை என்று மக்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது பலிக்கிறது, அதனால்தான் அக்காவிடமிருந்து தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் வெளியான அழகுசாதனப் பொருள் விதிகள், கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றில் கெடாமல் காக்கும் பொருளாக 70 பிபிஎம் வரை பாதரசத்தை அனுமதிக்கின்றன. மற்றவற்றில் தெரியாமல் கலந்தால்கூட 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அதாவது 10 லட்சத்தில் ஒரு பங்கு. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையின் 2023 ஜெனீவா மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனப் பொருளையும் 2025க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்தது. அந்த உடன்படிக்கையை 2018இலேயே இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது.

இத்தனை விதிகளும் யார் கையைப் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி. தயாரிப்பாளர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். இறக்குமதி செய்பவர் மத்திய அமைப்பிடம் பதிவுச் சான்று பெற வேண்டும். விற்பவருக்கு எதுவும் வேண்டாம். மருந்துக் கடை வைக்க உரிமமும் வேண்டும், மருந்தாளுநரும் வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் கிரீமை வளையலுக்கும் ஹேர் கிளிப்புக்கும் நடுவே வைத்து விற்கும் ஃபேன்சி ஸ்டோருக்கு மருந்துச் சட்டப்படி எந்த உரிமமும் தேவையில்லை.

அந்தக் கடைகளின் கண்ணாடி அலமாரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தங்க நிறத்தில் மினுங்கும் சிறு அட்டைப்பெட்டி, நமக்குப் புரியாத எழுத்து, பளிச்சென்று ஒரு பெண்ணின் முகம். சட்டப்படி உள்நாட்டுப் பொருளில் உரிம எண்ணும், வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்தவரின் முகவரி, பாட்ச் எண், கலந்துள்ள பொருள்களின் பட்டியல் எல்லாம் வேண்டும். பெட்டியைத் திருப்பினால் ஒன்றும் இருக்காது. ஆய்வகமே தேவையில்லை, பெட்டியின் முதுகைப் பார்த்தே வழக்குப் போடலாம்.

இதே விதிகள் மறுபக்கத்தில் எப்படி இறுக்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் சோப்பு காய்ச்சி, நாலு வாரம் உலரவிட்டு விற்கும் ஒரு மகளிர் குழுவுக்கு, சட்டத்தின் கண்ணில், பெரிய ஆலைக்கு உள்ள அதே தயாரிப்பு உரிமம்தான். தனி இடம், பொருளின் வகைக்கு ஏற்ற பரப்பளவு, தகுதியுள்ள மேற்பார்வையாளர், பரிசோதனை வசதி என்று பட்டியல் நீளும். விண்ணப்பம் போட்டால் குறை சொல்லிக் கடிதம் வரும்; போடாவிட்டால் யாரும் தேடி வருவதில்லை. ஒழுங்காக இருக்க நினைப்பவர்தான் அதிகாரியின் கண்ணில் படுகிறார்.

அமெரிக்கா 2022 டிசம்பரில் தன் அழகுசாதனச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு ஒரு வழி கண்டது. மூன்று ஆண்டுகளின் சராசரி விற்பனை 10 லட்சம் டாலருக்குக் குறைவாக இருந்தால், ஆலையைப் பதிவு செய்வதிலிருந்தும் பொருள்களைப் பட்டியலிடுவதிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் கண்ணின் சவ்வில் படுவது, ஊசியில் ஏற்றுவது போன்ற பொருள்களைச் செய்தால் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் அந்த விலக்கு இல்லை. கடுமையான பாதிப்பு பற்றிப் புகார் வந்தால் 15 வேலை நாள்களுக்குள் அரசுக்குச் சொல்லும் கடமையிலிருந்து சிறியவரும் தப்ப முடியாது. ஆளின் அளவையும் பொருளின் ஆபத்தையும் தனித்தனியாக எடைபோடும் இந்த முறை நமக்கும் பொருந்தும். குளியல் சோப்புக்கும் நலங்கு மாவுக்கும் எளிய பதிவு போதும். முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் எதற்கும், பாதரசப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் சந்தைக்கு வர அனுமதி கூடாது.

விற்பவரைப் பிடிக்கப் புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில் 18ஏ பிரிவு இருக்கிறது. ஆய்வாளர் கேட்டால், சரக்கை யாரிடம் வாங்கினார் என்பதைக் கடைக்காரர் பெயர், முகவரியோடு சொல்லியாக வேண்டும். மறுத்தால் அதுவே குற்றம். கேரளம் 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடைகளில் சோதனை நடத்தி, இந்தப் பக்கம் கையை வைத்தது. ஆனால் சோதனை முடிந்த மறுவாரம் அதே பெட்டி வேறு பெயரில் வரும். பில் எங்கே, மொத்த வியாபாரி யார் என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே மேலே போனால்தான் சரக்கு இறங்கும் கிடங்கு தெரியவரும். இணையத்தில் விற்கும் தளங்களுக்கும் இதே கேள்வியைப் போட வேண்டும். உரிம எண்ணோ பதிவு எண்ணோ நிரப்பாமல் கிரீமைப் பட்டியலிடவே முடியாதபடி செய்வது அவர்களுக்கு ஒரு நாள் வேலை.

அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. கடையில் வாங்கிய கிரீமை யார் வேண்டுமானாலும், நுகர்வோர் சங்கம்கூட, கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை வாங்கலாம். அந்தக் கட்டணம் எவ்வளவு, எந்த அலுவலகத்தில் கொடுப்பது, அறிக்கை எத்தனை நாளில் வரும் என்ற மூன்று விவரங்களையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டட்டும். சந்தேகத்தோடு கிரீம் டப்பாவைக் கையில் வைத்திருப்பவர்கள் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள்.