படம் வெட்ட எந்தக் கத்தரி?

வளைகாப்பு வீடியோவை வெட்டி ஒட்ட எந்த மென்பொருள் வாங்கலாமென்று யோசிக்கிறீர்களா, சகோதரிகளே? காய் நறுக்க அரிவாள்மணை போதும். மர அறுவை மில் எதற்கு?

ஐபோன் இருந்தால் ஐமூவி இலவசம். கம்ப்யூட்டருக்கு ஷாட்கட்டும் இலவசமே. படத்தின் மேல் தன் முத்திரையைக் குத்தாது. நிறம் திருத்தி, தொழிலாகவே செய்ய ஆசையா? டாவின்சி ரிசால்வ் பழகுங்கள். இலவசப் பதிப்பே நெடுநாள் கைகொடுக்கும். ஆனால் வலுவான கம்ப்யூட்டர் கேட்கும். அடோபி பிரீமியரோ வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால், பாதியில் விட்ட வேலையை அதில் திறந்து தொடர முடியாது.

எதை எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள்: முடிந்த படத்தை எம்பி4 கோப்பாகத் தனியே சேமியுங்கள், கேமராவில் எடுத்த மூலத்தையும் அழிக்காதீர்கள். மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம், பாட்டி பாடிய நலங்குப் பாட்டை மறுபடி எங்கே போய் எடுப்பது?